காற்றுக்களின் குளியலகம்
ஏதென்ஸ் நகரில் எஞ்சி நிற்கும் ஒரு ஹமாமின் வரலாறு

ஐரோப்பாவுக்கு வந்திறங்கிய முதல் மாதங்களை எம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அகதிகள் தங்குமிடத்தின் நீண்ட நடை, அதன் கோடியில் பல குடும்பங்களுக்கும் பொதுவான ஒரு குளியலறை, துவாயும் சவர்க்காரப் பெட்டியுமாக முறைக்குக் காத்து நின்ற காலை வேளைகள். கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி வார்த்துப் பழகிய எமக்கு அது சிறுமையாகவே தோன்றியது. ஆயினும் அந்த வரிசையிற்றான் பல குடும்பங்கள் ஒன்றையொன்று அறிந்துகொண்டன. எந்த ஊர், எந்த வழியாக வந்தீர்கள், வழக்கு எந்த நிலையில் உள்ளது என்பன போன்ற கேள்விகளெல்லாம் முதலில் அங்கேதான் கேட்கப்பட்டன.

குளிக்கும் இடம் மனிதரை ஒன்றுசேர்க்கும் இடமுமாகும் என்னும் உண்மைக்கு உலகில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு சிறு துண்டு கிரேக்க நாட்டின் தலைநகரான ஏதென்சில் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றது. அக்ரோபொலிஸ் குன்றின் வடக்குச் சரிவில், பிளாக்கா எனப்படும் பழைய குடியிருப்பில், ஒடுங்கிய வீதியொன்றின் ஓரத்தில் அது நிற்கின்றது. வெளியிலிருந்து நோக்குவோர்க்கு அது ஒரு சாதாரண வீடுபோலவே தோன்றும். உள்ளே சென்று அண்ணாந்து பார்த்தால் குவிமாடங்களும், அவற்றிற் பதித்த சிறு துவாரங்களூடாக இறங்கும் ஒளியும் காணப்படும். 'காற்றுக்களின் குளியலகம்' என்று கிரேக்கர் அதனை அழைப்பர். அபித் எபெண்டி ஹமாம் என்பது அதன் பழைய பெயர். ஏதென்சில் இருந்த ஒட்டோமன் காலப் பொதுக் குளியலகங்களுள் இன்று எஞ்சியிருப்பது இது ஒன்றே.

கிரேக்க நாட்டில் ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுக் காலம் துருக்கியர் ஆட்சி நிலவியது. விடுதலை பெற்ற கிரேக்கர் அவ்வாட்சியின் சின்னங்கள் பலவற்றை இடித்தொழித்தனர். அவ்வாறாயின் இக்குளியலகம் மட்டும் எவ்வாறு தப்பியது? அகதிகளாக வாழும் நாம் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று அக்கேள்விக்கான விடையில் உண்டு.

பெயரும் பிறப்பும்

தமிழகத்தில் சில காலமேனும் தங்கியிருந்தோர் 'ஹமாம்' என்னும் பெயர் கொண்ட சவர்க்காரத்தை அறிவர். குளியலகம் என்னும் பொருளுடைய அச்சொல் அரபு மொழியிலிருந்து வந்தது. வெப்பத்தைக் குறிக்கும் அரபு வேர்ச்சொல்லிலிருந்து அது பிறந்தது.

சொல் அரபுச் சொல்லாயினும், அது சுட்டும் பொருள் அதனினும் பழைமையானது. உரோமர் தமது பேரரசின் நகரங்கள்தோறும் பொதுக் குளியலகங்களை அமைத்தனர். உடை களையும் கூடம், இளஞ்சூட்டு அறை, வெப்ப அறை என அவை வகுக்கப்பட்டிருந்தன. அறைகளின் தளம் சிறு தூண்களின்மேல் உயர்த்தப்பட்டு, அதன் கீழே உலையின் அனற்காற்றுச் செலுத்தப்பட்டது. உரோமரின் பின் கிழக்கு உரோமப் பேரரசாகிய பைசாந்தியம் இம்மரபைத் தொடர்ந்தது. சிரியாவையும் அதன் அயலையும் 7ஆம் நூற்றாண்டிற் கைப்பற்றிய அரபியர் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். இன்றைய ஜோர்தானின் பாலைநிலத்தில் நிற்கும் குசைர் அம்ரா, 8ஆம் நூற்றாண்டில் உமையா மரபினர் கட்டிய குளியலகமாகும். அரபியரிடமிருந்தும் பைசாந்தியரிடமிருந்தும் துருக்கியர் இக்கலையைக் கற்றனர். பின்னர் ஒட்டோமன் படைகள் சென்ற இடமெல்லாம் ஹமாமும் சென்றது. இன்றைய புடாபெஸ்ட் நகரில் 16ஆம் நூற்றாண்டுத் துருக்கியக் குளியலகங்கள் இன்றும் இயங்குகின்றன.

ஆகவே 'துருக்கியக் குளியல்' என ஐரோப்பியர் பெயரிட்டது, ஒரு காலத்தில் அவர்களது மண்ணிலிருந்தே புறப்பட்டுச் சென்று, கிழக்கைச் சுற்றி, வேறு உடையுடுத்தித் திரும்பி வந்த ஒரு வழக்கமேயாகும். ஏதென்ஸ் குளியலகம் உரோமர் காலச் சந்தைச் சதுக்கத்தின் அருகிலேயே நிற்கின்றமை இதற்குப் பொருத்தமான சான்றாகும்.

அச்சதுக்கத்தின் ஓரத்தில், கிறிஸ்துவுக்கு முந்திய காலத்தில், கிர்றோஸ் என்னும் ஊரைச் சேர்ந்த அந்திரோனிக்கோஸ் எண்கோணக் கோபுரம் ஒன்றை அமைத்தார். எட்டுத் திசைக் காற்றுக்களும் எட்டு உருவங்களாக அதன் மேற்பகுதியிற் செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே நீர்க்கடிகாரமும் வெளியே சூரியக் கடிகாரங்களும் இருந்தன. காற்றுக்களின் கோபுரம் எனப்படும் அதனாலேயே சுற்றுப்புறத்திற்கும் குளியலகத்திற்கும் காற்றின் பெயர் வாய்த்தது.

தீயும் நீரும் ஒளியும்

ஒட்டோமன் ஹமாம் ஒன்றின் அமைப்பை இங்கு சற்று விரிவாக நோக்குவோம்.

வாயிலைக் கடந்ததும் உடை மாற்றும் கூடம். வருவோர் தமது உடைகளைக் களைந்து, பெஸ்தமால் எனப்படும் மெல்லிய துண்டை இடையிற் கட்டிக்கொள்வர். ஈரத் தளத்தில் வழுக்காதிருக்கவும் சூடு படாதிருக்கவும் நாலின் எனப்படும் உயர்ந்த மரப் பாதணி அணிவர். செல்வப் பெண்களின் பாதணிகளிற் சிப்பி வேலைப்பாடு இருக்கும். அடுத்தது இளஞ்சூட்டு அறை. உடல் வெப்பத்திற்குப் பழகவும், குளித்தபின் மெல்ல ஆறவும் இவ்வறை உதவும். அதனையும் கடந்தால் வெப்ப அறை. பெரிய ஹமாம்களில் அதன் நடுவே உயர்ந்த பளிங்கு மேடை ஒன்று அமைந்திருக்கும். துருக்கியர் அதனைக் 'கொப்பூழ்க் கல்' என்பர். அதன்மேற் படுத்து வியர்த்தபின், பணியாளர் கரடுமுரடான கையுறை கொண்டு உடலைத் தேய்ப்பர். எமது ஊரிற் பீர்க்கங்கூடு செய்த வேலையை அங்கு அக்கையுறை செய்தது எனலாம்.

சுவரோரங்களிற் பளிங்குத் தொட்டிகள் பதிக்கப்பட்டிருக்கும். அவை இறங்கிக் குளிப்பதற்குரியவையல்ல. குழாயிலிருந்து விழும் நீரைத் தாசு போன்ற கிண்ணத்தால் அள்ளி உடலில் வார்த்துக்கொள்வர். தேங்கிய நீரில் அமிழ்வதிலும் ஓடும் நீரில் தூய்மையாவதையே இசுலாமிய மரபு விரும்பியது. அள்ளி வார்க்கும் பழக்கமுடைய எமக்கு இதில் வியப்பொன்றும் இல்லை.

வெப்ப அறையின் சுவருக்கு அப்பால் உலை. அதன்மேற் பெரிய செப்புக் கொப்பரையில் நீர் கொதிக்கும். அனலும் புகையும் தளத்தின் கீழுள்ள வெளியிற் பரவிச் சுவரினுள் அமைந்த புழைகள் வழியே மேலெழும். தளத்தின் கீழுள்ள அவ்வெளிக்குத் துருக்கியர் இட்ட பெயர் 'நரகம்' என்னும் பொருளுடையது. கூரையிலோ குவிமாடங்கள், அவற்றிற் கண்ணாடி பதித்த வட்டத் துவாரங்கள். இவற்றுக்கு அவர்கள் 'யானைக்கண்' என்று பெயரிட்டனர். சாளரம் வைத்தால் வெப்பம் வெளியேறும். பிறர் பார்வையும் உட்புகும். யானைக்கண்களோ இரண்டையும் தடுத்து ஒளியை மட்டும் உள்ளே விட்டன. கீழே நரகத்தையும் மேலே வானத்தையும் வைத்து, இரண்டுக்கும் இடையே மனிதரைக் குளிக்க வைத்தனர் அக்காலத்துக் கட்டடக் கலைஞர்.

ஊர் கூடும் இடம்

ஒட்டோமன் நகரங்களில் ஹமாம் பெரும்பாலும் அறக்கொடைச் சொத்தாக இருந்தது. வக்பு எனப்படும் அம்முறையின்படி, ஒருவர் குளியலகம் ஒன்றைக் கட்டி அதன் வருமானத்தைப் பள்ளிவாசலுக்கோ, பாடசாலைக்கோ, ஏழைகளுக்கு உணவளிக்கும் மடைப்பள்ளிக்கோ எழுதிவைப்பார். குளிப்போர் செலுத்திய சிறு காசு ஊரின் பொதுப்பணிக்குச் சென்றது. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் யூதர்களும் ஹமாம்களுக்குச் சென்றனர்.

வீட்டின் எல்லைக்குள் வாழ்ந்த பெண்களுக்கு ஹமாம் வெளியுலகின் வாயிலாக இருந்தது. உணவுப் பொதியோடும் குழந்தைகளோடும் சென்று நாள் முழுவதும் அங்கே கழிப்பர். மணப்பெண்ணின் குளியல் அங்கே பாட்டும் கூத்துமாக நிகழும். பிறந்த குழந்தைக்கும் தாய்க்கும் நாற்பதாம் நாட் குளியல் அங்கேதான். மகனுக்குப் பெண் தேடும் தாய்மார் அங்கே கண்ணோட்டம் விடுவர். சாமத்தியத் தண்ணீர் வார்வையும் 31ஆம் நாட் துடக்குக் கழிவும் அறிந்த எமது தாய்மார்க்கு இவற்றை விளக்கத் தேவையில்லை. 1717 இல் சோபியா நகரின் ஹமாம் ஒன்றைக் கண்ட ஆங்கிலப் பெருமாட்டி மேரி வோர்ட்லி மொன்ரேகு, ஆண்களுக்குக் கோப்பிக்கடை எவ்வாறோ பெண்களுக்குக் குளியலகம் அவ்வாறு என்னும் கருத்தைத் தமது கடிதத்தில் எழுதினார்.

வீடற்றோருக்கும் அங்கே ஓர் இடம் இருந்தது. இஸ்தான்புல் நகரின் அநாதைச் சிறுவர்கள் குளிர்காலத்திற் குளியலகங்களின் உலைக்கூடத்தில், சாம்பற் சூட்டில் உறங்கினர். துருக்கி மொழியில் தெருமுரடனைக் குறிக்கும் சொல் 'உலைக்கூடத்துத் தலைவன்' என்னும் பொருளுடையது. பளிங்குத் தளத்தில் ஊர்ப் பெரியோர் இளைப்பாறிய வேளையில், அதே தீயின் மறுபக்கத்தில் ஊரற்ற பிள்ளைகள் குளிர்காய்ந்தனர்.

ஏதென்ஸ் மாறிய கதை

ஒட்டோமன் படைகள் 1456 இல் ஏதென்சைக் கைப்பற்றின. அதனைத் தொடர்ந்த முதலாவது ஆட்சிக் காலப்பகுதியில் அபித் எபெண்டி ஹமாம் கட்டப்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் அந்நகருக்கு வந்த புகழ்பெற்ற துருக்கியப் பயணி எவ்லியா செலெபி, அங்கு மூன்று ஹமாம்கள் இருந்ததாகக் குறித்துள்ளார். தொடக்கத்தில் இது ஒற்றைக் குளியலகமாகவே இருந்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெவ்வேறு வேளைகள் ஒதுக்கப்பட்டன. பிற்காலத்திலேயே இருபாலாரும் ஒரே வேளையில் தனித்தனியே குளிக்கத்தக்கதாக இரட்டைக் குளியலகமாக மாற்றப்பட்டது.

1687 இல் வெனிசியர் ஏதென்சை முற்றுகையிட்டனர். துருக்கியர் வெடிமருந்தைச் சேமித்து வைத்திருந்த பார்த்தினன் ஆலயம் வெனிசியரின் எறிகுண்டினால் வெடித்துச் சிதறியது. அடுத்த ஆண்டில் வெனிசியர் பின்வாங்கியபோது, துருக்கியரின் பழிவாங்கலுக்கு அஞ்சிய ஏதென்ஸ் மக்கள் ஊரை விட்டு சலாமிஸ், ஏஜினா முதலிய தீவுகளுக்கு அகதிகளாக ஓடினர். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. ஊர் முழுவதும் ஒரே நாளில் எழுந்து நடப்பது எத்தகையது என்பதை எம் வாசகர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

1821 இற் கிரேக்க விடுதலைப் போர் தொடங்கியது. இருபக்கத்திலும் கொடுமைகள் நிகழ்ந்தன. 1822 இல் கீயோஸ் தீவிற் பல்லாயிரம் கிரேக்கர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டில், உயிருக்கு உறுதி பெற்று அக்ரோபொலிஸ் கோட்டையிலிருந்து சரணடைந்து வெளிவந்த முஸ்லிம்களுட் பல நூறு பேர் ஏதென்சில் கொல்லப்பட்டனர். 1833 இல் இறுதித் துருக்கியக் காவற்படையும் வெளியேறியது. 1834 இல், இடிபாடுகளும் சில ஆயிரம் குடிமக்களும் மட்டுமே கொண்டிருந்த ஏதென்ஸ், புதிய அரசின் தலைநகராயிற்று.

புதிய அரசு பண்டைய கிரேக்கத்தின் புகழை மீட்க விரும்பியது. இடையில் வந்த நூற்றாண்டுகள் யாவும் அழிக்கப்பட வேண்டிய கறையாகக் கருதப்பட்டன. அக்ரோபொலிஸ் மீதிருந்த துருக்கியர் கட்டடங்கள் அகற்றப்பட்டன. 1875 இல், மேற்கு ஐரோப்பியச் சிற்றரசர் காலத்துக் கோபுரமும் அங்கே இடிக்கப்பட்டது.

தப்பியவற்றை உற்று நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். காற்றுக்களின் கோபுரம் துருக்கியர் காலத்திற் சூபி துறவியரின் வழிபாட்டிடமாகப் பயன்பட்டது. அதனருகிலுள்ள பெத்தியே பள்ளிவாசல் விடுதலையின் பின்னர் படையினரின் வெதுப்பகமாயிற்று. மொனாஸ்திராக்கிச் சதுக்கத்தில் 1759 இற் கட்டப்பட்ட சிஸ்தராக்கிஸ் பள்ளிவாசல் சிறைக்கூடமாக இருந்து, 1918 இல் நாட்டார் கலை நூதனசாலையாயிற்று. குளியலகத்தின் அருகில் 1721 இற் கட்டப்பட்ட மதராசாவும் சிறைச்சாலையாக்கப்பட்டது. அச்சிறை மூடப்பட்டபின் அது இடிக்கப்பட, வாயில் மட்டும் இன்று தனித்து நிற்கின்றது. பயன் உள்ளவரை கட்டடம் நின்றது. பயன் நீங்கியதும் பெரும்பாலும் வீழ்ந்தது.

ஹமாமின் பயனோ ஒரு நாளும் நீங்கவில்லை. வீடுகளிற் குளியலறை இல்லாத காலம் அது. ஆட்சி மாறினும், கொடி மாறினும், உடலின் அழுக்கு மாறுவதில்லை. துருக்கியர் மூட்டிய உலையைக் கிரேக்கர் தொடர்ந்து மூட்டினர். சட்டமோ சங்கமோ காவாத கட்டடத்தை அயலவரின் அன்றாடத் தேவை காத்தது.

கடல் கடந்து வந்தோர்

1922 இல் கிரேக்கப் படை சின்ன ஆசியாவிற் தோல்வியுற்றது. சிமிர்னா நகரம் தீக்கிரையாயிற்று. 1923 சனவரியில் லோசான் நகரில் கையொப்பமான உடன்படிக்கையின்படி, துருக்கியிலிருந்த மரபுவழிக் கிறிஸ்தவர்களும் கிரேக்கத்திலிருந்த முஸ்லிம்களும் கட்டாயமாக இடம் மாற்றப்பட்டனர். இஸ்தான்புல் கிரேக்கருக்கும் மேற்குத் திராசிய முஸ்லிம்களுக்கும் மட்டும் விலக்களிக்கப்பட்டது. 12 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கிரேக்கத்திற்கு வந்தனர். 3½ இலட்சத்துக்கும் மேற்பட்டோர் துருக்கிக்குச் சென்றனர். மதமே அளவுகோலாக இருந்தமையால், கிரேக்கம் பேசத் தெரியாத கிறிஸ்தவர்கள் கிரேக்கத்திற்கும், துருக்கி மொழி தெரியாத கிரேத்தா முஸ்லிம்கள் துருக்கிக்கும் அனுப்பப்பட்டனர்.

ஏதென்சுக்கு வந்தோர் நகராட்சி நாடக அரங்கின் பார்வையாளர் மாடங்களில் குடும்பத்துக்கு ஒரு மாடமாகக் குடியேறினர். பண்டைய ஆலயத் தூண்களின் அருகே கூடாரமிட்டுத் தங்கினோரும் உண்டு. சொந்த நாட்டிற்கு வந்ததாகச் சொல்லப்பட்ட அவர்களை, உள்ளூர்வாசிகள் 'துருக்கிய வித்து' என்றும் 'தயிரில் ஞானஸ்நானம் பெற்றோர்' என்றும் ஏளனஞ் செய்தனர். அவர்களோ ஹமாம் மரபில் வளர்ந்தோர். தூய்மை பேணுவதிற் பேர்போனோர். கிரேக்க மொழியில் 'சுத்தக்காரி' என்னும் பொருளுடைய சொல்லொன்று, அக்காலத்தில் அகதிப் பெண்களைச் சுட்டும்போது ஒழுக்கம் கெட்டவள் என்னும் வசையாகத் திரிந்தது என்பர். அடிக்கடி குளித்ததுங்கூட அகதிப் பெண்ணுக்குக் குற்றமாயிற்று! சமையல் வாசனைக்காக மாடிப்படிகளில் முகஞ்சுளிப்புக்கு ஆளான எம் தாய்மார் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர்.

ஆயினும் காலம் மாறியது. அவ்வகதிகள் கொண்டுவந்த உணவும் இசையும் கைத்தொழிலும் இன்று கிரேக்கப் பண்பாட்டின் செல்வமெனப் போற்றப்படுகின்றன. நெயா ஸ்மிர்னி, நெயா இயோனியா என்று தாம் இழந்த ஊர்களின் பெயரைப் புதிய குடியிருப்புகளுக்கு அவர்கள் சூட்டினர். அப்பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன.

உலை அணைந்தபின்

இரண்டாம் உலகப்போரின் பின்னர் ஏதென்சில் அடுக்குமாடி வீடுகள் பெருகின. ஒவ்வொரு வீட்டிலும் குளியலறை வந்தது. பல நூற்றாண்டுகள் எரிந்த உலை 1965 இல் அணைந்தது. கட்டடத்தைக் காத்துவந்த பயன் அன்றோடு நீங்கியது. இடிக்கப்பட்டிருக்கவேண்டிய வேளை அதுவே. ஆனால் அதற்குள் கிரேக்கரின் மனமும் முதிர்ந்திருந்தது. 1984 இல் கட்டடம் நாட்டார் கலை நூதனசாலையின் பொறுப்பில் வந்தது. பின்னர் திருத்தியமைக்கப்பட்டு, 1990களின் இறுதியில் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.

பகைவரென்று துரத்தப்பட்டோரின் குளியலகத்தை, இந்நகரின் வரலாற்றில் இதுவும் ஒரு பகுதி என்று ஏற்றுப் பேணுவது சிறிய செயலன்று. போர்வாளையும் அரசனின் முடியையும் காட்சிக்கு வைப்பது எல்லா நாட்டினர்க்கும் எளிது. சாதாரண மனிதர் முதுகு தேய்த்த இடத்தை மதித்துக் காப்பதற்கு வேறொரு பக்குவம் வேண்டும்.

ஆயினும் அங்கு ஒரு குறை உண்டு. கட்டடம் தப்பியது. அபித் எபெண்டி என்ற ஒரு பெயரும் தப்பியது. ஆனால் அங்கே குளித்தோர், உலை மூட்டியோர், மணப்பெண்ணுக்குப் பாடியோர், நாற்பதாம் நாளிற் குழந்தையை ஏந்தி வந்தோர் ஆகியோரின் பெயர்களைச் சுவர்கள் சொல்வதில்லை. கல்லைப் பிறர் காக்கலாம். கதையைக் காக்க வேண்டியவர்கள் அதில் வாழ்ந்தவர்களே.

இதனை எழுதும்போது எம் நினைவில் கீரிமலை வருகின்றது. கடலோரத்தில் ஊறும் நன்னீர். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கேணிகள். பிதிர்க்கடன் முடித்து நீராடிய மூத்தோர். நீச்சல் பழகிய சிறுவர். போர்க்காலத்தில் பல்லாண்டுகளாக மக்கள் அங்கே சுதந்திரமாகச் செல்ல முடியாதிருந்தது. இன்று கேணி இருக்கின்றது. ஆனால் அங்கு நீராடிய தலைமுறையினர் பல நாடுகளிற் சிதறி முதுமையடைந்து வருகின்றனர்.

எனவே எம் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பாட்டனிடமோ பாட்டியிடமோ கேளுங்கள்: உங்கள் ஊரில் எங்கே குளித்தீர்கள்? கிணற்றடியா, குளமா, கேணியா? கூட வந்தவர் யார்? தலைக்கு என்ன தேய்த்தீர்கள்? அவர்கள் சொல்வதை ஒரு கொப்பியில், பெயர்களோடும் ஊர்களோடும் எழுதி வையுங்கள். பிள்ளைகளைக் கொண்டே எழுதுவியுங்கள். ஏதென்சின் குவிமாடங்களின் கீழ் இன்று கிடையாத பெயர்கள் எமது கொப்பிகளிலேனும் இருக்கட்டும்.